பக்கத்தில் நின்று பார்த்தால்தான் மதிப்பெண்

மாணவர்களுக்கு மதிப்பெண் போடுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்தான். பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிதில் அதை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் யூனிட் சீஃப் மேடம்.

வார்டில் வழக்கமாக நடப்பது இது: மாணவர் நோயாளியிடம் பேசி, பரிசோதித்து, குறிப்பெழுதி வந்து கேஸைச் சொல்வார், நாங்கள் குறுக்குக் கேள்வி கேட்போம். "சொல்றதைக் கேட்டா படிப்பு தெரியும், கை தெரியாது. பக்கத்துல போய் நில்லுங்க" என்றார் மேடம்.

மண்ணீரல் வீங்கிய ஒரு பெரியவரை மாணவி பரிசோதித்தாள். அவள் கட்டிலின் வலப்பக்கம், நானும் மேடமும் எதிரே. எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். கையைத் தேய்த்துச் சூடாக்கினாளா? வயிறு இளக, முழங்காலை மடக்கச் சொன்னாளா? விரல்கள் வலது அடிவயிற்றில் தொடங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சமாக இடது விலாவை நோக்கி நகர்ந்தனவா? விலாவுக்கு அடியிலேயே தொடங்கினால், மிகவும் பெருத்த மண்ணீரலின் விளிம்பு தட்டுப்படாமலே போய்விடும். முக்கியமாக, அழுத்தும்போது கண் எங்கே இருக்கிறது? அவள் பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கியதுமே "வலிக்குதாங்கய்யா?" என்று கையைத் தளர்த்தினாள். கேஸ் ஷீட்டில் இதற்கு இடமே கிடையாது.

அன்று மாலை மேடம் ஜார்ஜ் மில்லர் 1990இல் வகுத்த நான்கு படிகளை விளக்கினார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. எழுத்துத் தேர்வும் வைவாவும் முதல் இரண்டோடு நின்றுவிடும். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் முன்வைத்த ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு, ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் செய்து காட்டச் சொல்கிறது; அது மூன்றாம் படி. நான்காம் படிக்கு வார்டுக்குத்தான் வர வேண்டும். அதற்கு உதவுவது, அமெரிக்காவில் ஜான் நார்சினி முதலியோர் உருவாக்கிய மினி சி.இ.எக்ஸ்: கால் மணி நேரம்போலப் பார்த்து, 9 வரையிலான அளவில் மதிப்பிட்டு, அங்கேயே மாணவரிடம் பேசுவது.

அந்தப் பேச்சுதான் கடினமான பாடம். "நல்லா பண்ணினம்மா" என்பதை வைத்து ஒரு மாணவி என்ன செய்ய முடியும்? "முகத்தைப் பாத்துக்கிட்டே அழுத்தின, அதை விட்டுடாதே. தொடறதுக்கு முன்னாடி என்ன பண்ணப் போறேன்னு அவர்கிட்ட சொல்லு" என்றார் மேடம். அடுத்த நோயாளியிடம் அவள் சொல்லிவிட்டுத்தான் தொட்டாள்.

ஒரே மாணவருக்கு நாங்கள் இருவரும் தனித்தனியாக எண் போட்டு, பிறகு ஒப்பிடுவோம். வித்தியாசம் வந்தால், எதைப் பார்த்து அந்த எண் என்று சொல்லியாக வேண்டும். கண்ணால் கண்டதைக் காட்ட முடியாத எண்ணுக்கு மதிப்பில்லை.

ஒரு நாள், ஒரு நோயாளி, ஓர் ஆசிரியர் என்பதை வைத்து யாரையும் எடைபோட முடியாது. பல நோயாளிகளிடம், பலர் பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்கிறோம். 2019 முதல் இந்தியாவில் நடைமுறையிலுள்ள திறன்சார் பாடத்திட்டம் கேட்பதும் இந்த நேரத்தைத்தான். ஹவுஸ் சர்ஜனாக இரவுப் பணியில் தனியே நிற்கப்போகிறவரின் கையை, அதற்கு முன் ஓர் ஆசிரியராவது பார்த்திருக்க வேண்டும். நோயாளிக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.