ஓர் அங்குலச் செயின்



நான் பூட்டிக் கொடுத்த சைக்கிள் செயின் கழன்று ஓர் அக்கா விழுந்தார். அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு கதைக்கப் போகிறேன்.

நான் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். சமூகவியல் படித்துப் பட்டம் பெற்று, இப்போது சமூகப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் மலைப்பாதைகளில் சைக்கிளைக் காண்பது அரிது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து பஸ்ஸும் ஆட்டோவும் குறைந்தபோதுதான் எனக்கும் சைக்கிள் நினைவு வந்தது.

அந்த அக்காவின் பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர்கள். அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் வன்னியில். 2009இல் கணவனை இழந்தார். மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, மகளோடு மாமாவின் லயக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். தையல்தான் அவருடைய சீவனம். மூன்று டிவிஷன்களுக்கும் துணிமூட்டையைத் தலையில் சுமந்து நடந்தவருக்கு ஒரு பழைய சைக்கிளைத் தேடிக் கொடுத்தேன்.

ஏற்றத்தில் அது மிதிபடவில்லை. பின்சக்கரத்தில் இருந்த 18 பல் பிறீவீலை மாற்றி 22 பல் உள்ளதைப் போட்டால் மிதிப்பது இலகுவாகும் என்றார் கடைக்காரர். போட்டும் தந்தார். பல் கூடியதும் பழைய செயின் சுற்றிவர எட்டவில்லை. இன்னும் ஓர் அங்குலம் வேண்டும். துண்டு கையில் இல்லை, நாளை வாருங்கள் என்றார்.

நான் நாளைவரை பொறுக்கவில்லை. பழைய இரும்புப் பெட்டியில் கிடந்த ஒரு செயின் துண்டை எடுத்து, கல்லின் மேல் வைத்து, சுத்தியலால் ஆணியை அடித்து இறக்கிப் பூட்டினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறார். செயின் விட்டுவிட்டது. பாரம் முழுவதும் முன்னால் சரிய, கையூன்றி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. தையல் மெஷின் மூடிக் கிடந்தது. மகளின் பள்ளிக்கூடச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

பார்க்கப் போனபோது செயினை என்னிடம் எடுத்துக் காட்டினார்.

"ஆணி ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் நிக்குது பாருங்க மிஸ். தகடு பிடிக்கவே இல்ல."

"உங்களுக்கு இது முதலே தெரியுமா?"

"வன்னியில பதினாலு வயசிலயே என் சைக்கிள நான்தான் பூட்டுவேன். நீங்க படிச்சவங்க. நான் சொன்னா ஒரு மாதிரி இருக்குமேன்னு பேசாம இருந்துட்டேன்."

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்டது. அந்த வருடங்களில் ஆளும் அரிசியும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். இது நான் புத்தகத்தில் படித்த விடயம். அந்தக் கைகள் என் முன்னாலேயே நின்றதை நான் காணவில்லை. நான் நிரப்பிய படிவத்தில் அவருடைய இழப்பு இருந்தது, வருமானம் இருந்தது, தேவை இருந்தது. என்ன தெரியும் என்று கேட்க ஓர் இடம் இருக்கவில்லை.

கட்டுப்போட்ட கையோடு அக்கா சொல்லச் சொல்ல, இம்முறை நான் ஒழுங்காகப் பூட்டினேன். உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் செயினை அளக்க வேண்டும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணி, 24ஆவது ஆணியின் நடுவரை புதுச் செயின் 12 அங்குலம் இருக்கும். 12⅛ அங்குலத்தைத் தொட்டால் தேய்ந்துவிட்டது, முழுவதையும் மாற்றுங்கள். நல்லதாக இருந்தால், அதே அளவான புதுச் செயினிலிருந்து ஓர் உள் கண்ணி போதும். ஆணியை அடிக்கத் தேவையில்லை. செயினில் ஏற்கனவே ஒரு கிளிப் கண்ணி இருக்கும். அதைக் கழற்றினால் இரு முனையிலும் உள் கண்ணிகளே நிற்கும். புது உள் கண்ணியை நடுவில் வைத்து, இரு பக்கமும் ஒவ்வொரு கிளிப் கண்ணியால் பூட்டினால் ஓர் அங்குலம் கூடும். கடையில் மேலதிகமாக ஒரு கிளிப் கண்ணி கேட்டு வாங்குங்கள். விரிந்துபோன பழைய கிளிப் வேண்டாம்.

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் நின்றால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். பிறகு பின்சக்கரத்தை இழுத்து, செயினின் நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் அசையுமளவு விட்டு, இரு நட்டையும் இறுக்குங்கள். மிதியைச் சுழற்றும்போது விரலைச் செயினருகே கொண்டுபோகக் கூடாது. சேலைத் தலைப்பையும் தாவணியையும் செருகிக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் பிரேக்கைப் பிடித்தபடி மிதியைக் காலால் பலமாக அழுத்திப் பாருங்கள். அதற்குத் தாங்கினால், முதலில் சமதரையில் ஓட்டுங்கள்.

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குப் பழக்க வழிசெய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். ஓட்டப் பழகுவது பாதி. வழியில் நின்றால் நாமே பூட்டத் தெரிந்திருப்பது மறுபாதி.

அக்காவின் கை சுகமாகிவிட்டது. எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு நாள் அவரே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பாடம் நடத்தினார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்.

சகோதரிகளே, உதவி செய்ய வருகிறவர்கள் படித்தவர்கள் என்று நீங்கள் வாயடைத்து நிற்க வேண்டாம். தவறாகப் பட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். என் படிவத்தில் இப்போது கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "உங்களுக்கு என்ன தெரியும்?" எந்த வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.