மூன்று கோல்

கணக்கைக் கொண்டு மனிதனை அளக்கிற வழக்கம் நமக்கு நன்றாகப் படிந்துவிட்டது. பையனுக்கு எத்தனை மார்க், மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம், நாவல் எத்தனை பதிப்பு என்று கேட்பது போலவே, கால்பந்துக்காரர் என்றால் எத்தனை கோல் என்று கேட்கிறோம். கேள்வி நியாயமானதுதான். முன்வரிசையில் நின்று ஆடுகிறவருக்குக் கோல் போடுவதை விட வேறு என்ன பெரிய வேலை? ஆனாலும் சில பேர் விஷயத்தில் அந்தக் கணக்கு பாதிக் கதையைத்தான் சொல்லுகிறது.

பைச்சுங் பூட்டியா அப்படிப்பட்டவர். இங்கிலாந்தில் பெரி என்ற ஊரின் சங்கத்தில் 1999 முதல் 2002 வரை இருந்தார். லீக் ஆட்டங்கள் 37. போட்ட கோல் 3.

கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். செல்போனில் சீமை ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, மான்செஸ்டரில் யார் எந்தக் காலால் உதைப்பார் என்பது வரை அவனுக்கு மனப்பாடம். "மூணு வருஷத்துல மூணு கோலா? இதுக்கா மாமா அவ்வளவு தூரம் போனாரு?" என்றான். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கிருந்து போனார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தெற்குச் சிக்கிமில் டின்கிடாம் என்ற மலைக்கிராமத்தில், 1976-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு பஞ்சாபில் ஜே.சி.டி. சங்கம். அவர் அங்கே இருந்தபோது நடந்த முதல் தேசிய லீக்கில் அந்தச் சங்கமே வென்றது. அதிகக் கோல் போட்டவரும் அவர்தான். மறுபடி ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1997 ஜூலை 13-ம் தேதி, சால்ட் லேக் மைதானத்தில் பெடரேஷன் கோப்பை அரையிறுதி. எதிரே மோகன் பகான். பார்க்க வந்தவர்கள் 1,31,000 பேருக்கு மேல். அன்று பூட்டியா மூன்று கோல் போட்டார். ஆம், ஒரே ஆட்டத்தில் மூன்று. கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் நின்று பார்த்தவர்களுக்கு ஜன சமுத்திரம் என்றால் என்னவென்று தெரியும். அத்தனை கண்களும் ஒரு மனிதரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்! மறுவருஷம் அர்ஜுனா விருதும் வந்தது.

அதற்குமேல் சௌக்கியமாக இருந்திருக்கலாம். அவரோ இங்கிலாந்துக்குப் போய், புல்ஹாம், வெஸ்ட் பிராம்விச், ஆஸ்டன் வில்லா என்று ஒவ்வொரு சங்கமாக ஆடிக் காட்டினார். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் எடுத்துக்கொண்டது பெரி. மான்செஸ்டருக்கு அருகே உள்ள சின்ன ஊர். 1885-ல் தொடங்கிய பழைய சங்கம். 1900-லும் 1903-லும் இங்கிலாந்துக் கோப்பையை வென்ற பெருமை உண்டு. வாழ்ந்து கெட்ட குடும்பம் என்று சொல்லலாம். அதன் மைதானம் நிரம்பினாலும் பன்னிரண்டாயிரம் பேருக்குள்தான். நிரம்புகிற நாள் அபூர்வம். ஆடியது இரண்டாம் டிவிஷனில். அதற்கு மேலே முதல் டிவிஷன், அதற்கும் மேலே பிரீமியர் லீக். ஆகவே எண்ணிப் பார்த்தால் அது மூன்றாம் படி. நம் ரயிலில் 1974-ல் மூன்றாம் வகுப்பை ஒழித்து, அதே பலகைக்கு இரண்டாம் வகுப்பு என்று பெயர் எழுதினோமே, அந்த மாதிரி.

இவருக்கு முன்னால் ஒருவர் சீமைக்குப் போயிருக்கிறார். கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கத்து முகமது சலீம், 1936-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் சங்கத்துக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். பூட்ஸ் கிடையாது, காலில் துணிக்கட்டு மட்டும். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். இருக்கும்படி கேட்டுக்கொண்டும், ஊர் ஞாபகம் தாங்காமல் அவர் திரும்பிவிட்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன். வெற்றியோடு வீடு திரும்புவதும் அழகுதான். பூட்டியாவுக்கு வாய்த்தது வேறு மாதிரி: அசந்துபோகாத ஜனங்களின் நடுவே, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, தம்மைவிட உயரமும் கனமுமான தடுப்பாட்டக்காரர்களோடு மோதிக்கொண்டிருப்பது.

எங்கள் பக்கத்தில் ஒரு கூத்து வாத்தியார் உண்டு. பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு அவர் திரை விலக்கி வந்தால், தூங்குகிற குழந்தைகள்கூட எழுந்து உட்காரும். அவர் ஒரு வருஷம் சென்னைக்குப் போய், சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக ஈட்டி பிடித்து நின்றுவிட்டு வந்தார். "இங்கே ராஜாவா இருந்துட்டு, அங்கே போய் இப்படி நிக்கணுமா வாத்தியாரே?" என்று கேட்டேன். "நின்னு பாத்தாத்தான தம்பி தெரியுது. இங்கியே இருந்தா, இந்த மரக் கிரீடத்தத் தங்கம்னு நெனச்சிக்கினே செத்துப் பூடுவேன்" என்றார். அடுத்த பாரதத்திலும் அவரே துரியோதனன். குரல் இறங்கியதாக எனக்குப் படவில்லை.

பூட்டியா 1999 அக்டோபர் 3-ம் தேதி கார்டிப் சங்கத்துக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். முதல் லீக் கோல் செஸ்டர்பீல்டுக்கு எதிராக, 2000 ஏப்ரல் 15-ல். இடையே ஆறு மாதத்துக்கு மேல். கல்கத்தாவில் ஒரு மாலைப்பொழுதில் மூன்று போட்டவர், ஒன்றுக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் காத்திருந்தார். பிறகு முழங்கால் கெட்டது. கடைசி வருஷம் ஆடியது மூன்றே ஆட்டம். சங்கமும் கடனில் மூழ்கி நிர்வாகிகள் கைக்குப் போயிற்று. 2002-ல் இந்தியா திரும்பினார்.

திரும்பியவர் ஒடிந்துபோய் வரவில்லை. 2003-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் சங்கங்களின் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வென்றது. அதில் 9 கோல் போட்டு முதலிடம் பெற்றவர் பூட்டியா. சீமையில் பட்ட அடிதான் இதைச் செய்தது என்று நிரூபிக்க என்னால் ஆகாது. ஆனால் தன் உயரம் எவ்வளவு என்று ஒருமுறை அளந்து பார்த்துவிட்டவனுக்கு, அப்புறம் கைதட்டலால் மயக்கமும் வராது, மௌனத்தால் பயமும் வராது. எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். உள்ளூர்ப் பாராட்டு இனிக்கும். நம் பெயரே தெரியாத வாசகன் ஒருவன் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகும்போதுதான் வாக்கியத்தின் பலம் தெரியும்.

பெரி சங்கத்துக்கும் பிற்பாடு கஷ்டகாலம் விடவில்லை. பணமுடையால் 2019 ஆகஸ்டில் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. 2023-ல் அதே பழைய மைதானத்தில் மறுபடி ஆடத் தொடங்கியபோது, பூட்டியா ஆடிய படியைவிடப் பல படிகள் கீழே நின்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இருந்தும் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள்.