கேட்கத் துணிந்த நெஞ்சம்

இறைவனிடம் கேட்பதற்கும் துணிவு வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். இல்லாதவன் கேட்கின்றான், உள்ளவர் கொடுக்கின்றார், இதில் துணிவுக்கு என்ன வேலை? இளமையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கேட்பது எளிது, கேட்டது கிடைக்காத நாளிலும் கொடுப்பவர் நல்லவர் என்று சொல்லி, மறுநாளும் அவரிடமே கேட்பதுதான் அரிது. இதனை எனக்குக் கற்பித்தவர் எழுத்தறியாத என் அன்னையார்.

பேராக் மாநிலத்தில், இன்று தெலுக் இந்தான் என வழங்கும் அன்றைய தெலுக் ஆன்சனுக்கு அருகில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுபவர்கள். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லவேண்டிய அம்மா, அதற்கும் முன்னரே எழுந்து, மண்ணெண்ணெய் விளக்கின் முன் முழந்தாளிட்டு ஜெபிப்பார். அவருடைய ஜெபத்தில் கெஞ்சல் குறைவு, உரிமை மிகுதி. மழைக்காலத்தில் வேலை நாள்கள் குறைந்து, கடையில் கடன் ஏறும்போது, "ஆண்டவரே, பிள்ளைகளுக்கு அரிசி வேண்டும்; நீர்தான் தர வேண்டும்" என்று அடுத்த வீட்டாருக்கும் கேட்கும்படி சொல்வார். லயத்து வீடுகளுக்கு இடையே இருந்தது பலகைச் சுவர்தானே! எனக்கு நாணமாக இருக்கும். "ஏனம்மா இவ்வளவு உரக்க?" என்பேன். "தகப்பனிடம் கேட்கப் பிள்ளைக்கு என்ன வெட்கம், தம்பி?" என்பார்.

1966ஆம் ஆண்டில் அப்பாவுக்கு மஞ்சட்காமாலை கண்டது. நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையில் சேர்த்தோம். அம்மா மூன்று நாள் உணவு கொள்ளாமல் ஜெபித்தார். பதினொரு வயதுச் சிறுவனாகிய நானும் அருகில் முழந்தாளிட்டேன். அப்பா பிழைத்துவிடுவார் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. பள்ளித் தோழர்களிடம், "அடுத்த வாரம் அப்பா வந்துவிடுவார்" என்று சொல்லியும் வைத்திருந்தேன். நான்காம் நாள் அப்பாவின் உடல்தான் வந்தது.

அடக்கம் முடிந்த இரவில், அண்டை வீட்டார் கொடுத்த கஞ்சியின் முன் அமர்ந்திருந்தோம். அம்மா வழக்கம்போல் தலைகுனிந்து, "நீர் நல்லவர்" என்று தொடங்கினார். குரல் உடைந்தது. சிறிது நேரம் பேச்சில்லை. மீண்டும் அதே இரண்டு சொற்களைச் சொன்னார். அதற்குமேல் அவரால் இயலவில்லை. நான் கண்களை மூடவில்லை. கஞ்சியைத் தொடாமல் எழுந்து வெளியே சென்றேன். அம்மா தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றார் என்று நினைத்தேன். அன்று முதல் பல ஆண்டுகள் நான் ஜெபிக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் ஜார்ஜ் முல்லரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. 1805இல் பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பெற்றோரை இழந்த சிறாரை வளர்த்த பெரியார் அவர். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, இறைவனிடம் மட்டுமே கேட்பது என்று உறுதி பூண்டவர். 1836இல் ஒரு வாடகை வீட்டில் சிறுமியர் சிலரோடு தொடங்கிய அப்பணி, 1870ஆம் ஆண்டளவில் ஆஷ்லி டவுன் என்னும் மேட்டு நிலத்தில் 5 பேரில்லங்களாக வளர்ந்திருந்தது. 2,000 சிறாருக்குமேல் தங்க அங்கே இடமிருந்தது. கேட்டதையும் பெற்றதையும் முல்லர் குறித்து வைத்தார். கையில் காசின்றி விடிந்த காலைகளும் அக்குறிப்புகளில் உண்டு.

இவையெல்லாம் என்னை அசைக்கவில்லை. கேட்டார், கிடைத்தது, கிடைத்தவர் நம்புவதில் வியப்பென்ன என்றே பக்கங்களைப் புரட்டினேன். பிறகுதான் அவருடைய குடும்பத் துயரங்களைப் படித்தேன். 1835இல் அவருடைய மகன் எலியா பச்சிளம் பருவத்திலேயே இறந்தான். அந்தத் துயரத்துக்கு ஓராண்டு நிறையுமுன் பிறர் பிள்ளைகளுக்காக வீடு திறந்தார் அவர். 1853இல் மகள் லிடியா கடுங்காய்ச்சலில் சாவின் விளிம்புவரை சென்று மீண்டாள். 1870 பிப்ரவரியில், 39 ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி மேரி மறைந்தார். அடக்க ஆராதனையில் முல்லர் தாமே பிரசங்கித்தார். அவர் எடுத்துக்கொண்டது, கடவுளின் நற்குணத்தையும் அவர் செய்யும் நன்மையையும் அறிக்கையிடும் 119ஆம் சங்கீதத்தின் 68ஆம் வசனம்!

என் கண்முன் அந்தக் கஞ்சிக் கிண்ணம் வந்து நின்றது. பிரிஸ்டல் என்னும் பெயரையே கேட்டிராத என் அன்னையார், அதே அறிக்கையை அன்று இரண்டு சொற்களில் செய்திருந்தார்.

முல்லரின் மனைவி மேரிக்குத் தமையனார் ஒருவர் உண்டு. அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் அவர் 1833இல் இந்தியாவுக்கு வந்தவர். சம்பளத்தை நம்பாமல் இறைவனை நம்பி ஊழியம் செய்யும் அவருடைய வழியை, நெல்லைச் சீமைத் தமிழரான ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் ஏற்று வாழ்ந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். என் அன்னையாரின் முன்னோரும் நெல்லைச் சீமையினரே. இரண்டையும் முடிச்சுப்போட நான் முனையவில்லை. அந்தத் துணிவு தமிழ் மண்ணிலும் வேர்விட்டிருந்தது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது அம்மாவிடம் கேட்டேன். "அன்றிரவு எப்படியம்மா அப்படிச் சொன்னீர்கள்? உங்களுக்குக் கோபமே வரவில்லையா?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "வராமல் இருக்குமா? எனக்கு மட்டும் எல்லாம் விளங்கியா சொன்னேன்? உன் அப்பா போய்விட்டார். ஆண்டவரையும் விட்டுவிட்டால் நான் யாரிடம் போவது? மறுநாள் விடிந்ததும் உங்களுக்கு அரிசி கேட்க வேண்டுமே, தம்பி!"

அவர் சொன்னதன் பொருள் வகுப்பறையில்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. கேட்டதற்கெல்லாம் ஆசிரியர் இணங்குவதில்லை. ஆயினும், அவர் தன் நலம் நாடுபவர் என்று அறிந்த மாணவன் மறுநாளும் எழுந்து நின்று கேட்கின்றான். நம்பிக்கை இழந்தவனோ கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்துவிடுகின்றான். அவன் அமைதியைப் பணிவு என்று நாம் தவறாக எண்ணிவிடுகின்றோம். பல ஆண்டுகள் நான் அந்தக் கடைசி வரிசையில்தான் அமர்ந்திருந்தேன்.

அப்பா ஏன் பிழைக்கவில்லை என்ற வினாவுக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. விடை தெரிந்தவன்போல் பிறர் துயரத்தின் முன் பேசவும் நான் துணிவதில்லை. அம்மாவும் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பணி ஓய்வுபெற்ற முதியவனாகிய நான், விடியலில் எழுந்து என் பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் கேட்கின்றேன். கிடைத்தவை உண்டு, கிடைக்காதவையும் உண்டு. "ஏன் தாத்தா இவ்வளவு உரக்க ஜெபிக்கிறீர்கள்?" என்று பேத்தி கேட்கின்றாள்.

அவளுக்குச் சொல்ல என் அன்னையார் ஒரு விடையை விட்டுச் சென்றிருக்கின்றார்.