அத்தாவின் கடையும் நூறு கிராம் வாயுவும்

எங்கள் அத்தா ஊர்க் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகள் ஃபிரிட்ஜ் பழுதுபார்த்து வந்தார்கள். பழைய பெட்டி ஒன்று கடைக்கு வந்தால், முதல் வேலை கம்ப்ரசரின் குழாயை வெட்டிவிடுவதுதான். சீறிக்கொண்டு கிளம்பும் வாயு சில நொடிகளில் அடங்கிவிடும். அதற்கு நிறமில்லை, அது எரிவதுமில்லை. எங்கே போகிறது என்று கடையில் எவரும் கேட்டதில்லை.

உலகமும் அதைத் தாமதமாகவே அறிந்தது. குளோரோஃபுளோரோகார்பன் எனப்படும் அவ்வாயு சிதையாமல் உயரே சென்று, சூரியனின் புறஊதாக் கதிர் பட்டு உடைந்து, ஓசோனை அழிக்கும் குளோரினை வெளியிடும் என்று மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் படலம் பெரிதும் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

சில ஆண்டுகள் கழித்து அத்தாவை ஒரு பயிற்சிக்கு அழைத்தார்கள். கோபத்தோடுதான் திரும்பி வந்தார்கள். "அவங்க ஐம்பது வருஷம் அனுபவிச்சிட்டு, இப்ப நம்மள நிறுத்தச் சொல்றாங்க" என்றார்கள். நியாயமான கேள்வி. உடன்படிக்கையை எழுதியவர்களும் அதற்கு விடை தேட வேண்டியிருந்தது. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டுகள் கூடுதல் தவணை அளித்தார்கள். 1990இல் லண்டனில் கூடியபோது, மாற்றத்திற்கான செலவைச் செல்வ நாடுகள் ஏற்கும் பன்னாட்டு நிதியம் ஒன்றுக்கும் இசைந்தார்கள். அதன் பின்னரே சீனாவும், 1992இல் இந்தியாவும் இணைந்தன. அத்தா சென்றது போன்ற பயிற்சிகள் நடந்ததும் அந்நிதியின் துணையால்தான்.

கோபம் ஆறியதும், வாயுவைச் சிலிண்டரில் பிடித்துவைக்கும் கருவி ஒன்றை அத்தா கடன்பட்டு வாங்கினார்கள். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் கூடியது; அதற்குக் கூலி தருவார் எவருமில்லை.

ஒரு ரமலான் மாலை. அத்தா அஸர் தொழப் போயிருந்தார்கள். நோன்பு திறக்குமுன் பெட்டி வீடு சேர வேண்டுமென்று வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார். நான் கருவியைத் தொடவில்லை, குழாயை வெட்டிவிட்டேன். திரும்பி வந்த அத்தா சிலிண்டரைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள்.

"கேஸ் எங்கே தம்பி?"

"நூறு கிராம்தானே அத்தா. அதுல என்ன ஆகிடப் போகுது?"

அவர்கள் ஏசவில்லை. "கப்பல்ல ஓட்டை போட நெனச்சவங்களும் எங்க பங்குலதானே போடுறோம்னுதான் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவியைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும், புகாரீயில் இடம்பெறும் அந்த நபிமொழியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். சீட்டுக் குலுக்கி இடம்பிரித்துக்கொண்ட கப்பல் பயணிகளில், கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக மேலே ஏறிச்செல்ல வேண்டியிருந்தது. மேலிருப்போருக்குத் தொல்லை தராமல் தம் பங்கிலேயே துளையிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினார்கள். விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர்.

கீழ்த்தளத்தாரைக் கெட்டவர்கள் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். அவர்களுக்கு இருந்தது தாகம் என்பது பின்னரே உறைத்தது. கையைப் பிடித்துத் தடுப்பவர், மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரையும் இறக்கித் தர வேண்டும் என்றே என் சிற்றறிவுக்குப் படுகிறது. மாண்ட்ரியலில் தடுத்தார்கள், லண்டனில் தண்ணீர் தந்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் இன்று உலகின் எல்லா நாடுகளும் அதில் இணைந்துள்ளன. இதே பாதையில் தொடர்ந்தால், ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், அண்டார்க்டிகாவில் 2066 அளவிலும் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவிலான வல்லுநர் குழு 2023இல் தெரிவித்தது.

வேலை முடிந்துவிடவில்லை. மாற்றாக வந்த ஆர்-134ஏ வாயு ஓசோனைத் தீண்டாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். அதைப் போன்றவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் உடன்பாடு கண்டார்கள்.

அத்தா இப்போது இல்லை. கடையை நான் நடத்துகிறேன். இரவு கடையடைக்குமுன் சிலிண்டரைத் தராசில் வைக்கும் பழக்கம் மட்டும் நின்றபாடில்லை. அத்தா அறியாமல் விட்டவற்றையும், அறிந்த பின்னும் நான் விட்ட அந்த நூறு கிராமையும் அல்லாஹ் மன்னிப்பானாக. ஆமீன்.