ஒற்றை டாக்டருக்குத் துணை

ராஸ்வெல், நியூ மெக்சிகோ



இந்த ஆண்டு என் மருத்துவ லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். நியூ மெக்சிகோ மாநிலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இது வரும். பணம் கட்டினால் மட்டும் போதாது, 75 மணி நேரம் சி.எம்.இ. முடித்ததற்குக் கணக்கும் காட்ட வேண்டும். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் விடாமல் படிக்க வேண்டிய படிப்புக்குத்தான் சி.எம்.இ. என்று பெயர். நம் ஊரிலும் விதி உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது இப்படிப் படிக்க வேண்டும் என்கிறது.

75 பெரிதா, 30 பெரிதா என்று ஒப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு நாட்டுக் கூட்டங்களிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். மணிக்கணக்கில் கேட்டும் எதுவும் மனதில் நிற்காத கூட்டங்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் மருத்துவம் பார்க்கும் விதத்தையே மாற்றிவிட்ட கூட்டங்களும் உண்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்த முறை எழுத நினைத்தேன்.

படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்து, மூச்சு வாங்கும் நோயாளிக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுக்கவே கூடாது என்று ஒரு தலைமுறை டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதயத் துடிப்பை அடக்கும் மருந்து பலவீனமான இதயத்தை மேலும் படுக்க வைத்துவிடும் என்பது அதற்குக் காரணம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் 1970களிலேயே வாக்ஸ்டைன் என்ற இதய மருத்துவர் துணிந்து கொடுத்துப் பார்த்தார், நோயாளிகள் தேறினார்கள். மருத்துவ உலகம் அதை ஏற்க ஏறக்குறைய 25 ஆண்டுகள் பிடித்தன. 1999இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் இந்த மாத்திரை இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டின. கொடுக்கக் கூடாத மருந்து, கொடுக்காமல் விடக் கூடாத மருந்தாகிவிட்டது. 1990இல் பாஸ் செய்து அதன் பிறகு புத்தகத்தைத் திறக்காத ஒரு டாக்டர் இருந்தால், அவரிடம் போன இதய நோயாளிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நாம் டாக்டரைத் தேடும்போது வயதையும் கைராசியையும் பார்க்கிறோம். நாற்பது வருஷ அனுபவம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகிறோம். அனுபவத்தின் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. வயிற்றில் கை வைத்தே நோயைச் சொன்ன சீஃப்களிடம் படித்தவன் நான். ஆனால் 2005இல் அமெரிக்காவின் முக்கியமான பொது மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதற்கு முன் நடந்த 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, பணியாற்றிய ஆண்டுகள் கூடக் கூட சிகிச்சையின் தரம் குறைவதாகவே காட்டின. மருத்துவம் மாறிக்கொண்டிருக்கிறது, கற்றது நின்றுவிடுகிறது. நல்ல டாக்டர்களுக்கும் இது நடக்கும்.

அப்படியானால் கூட்டம் போட்டுப் பாடம் நடத்தினால் போதுமே என்று தோன்றும். போதாது. பேச்சாளர் மேடையில் நின்று பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போகும் வகுப்புகள் டாக்டரின் நடைமுறையை மாற்றுவதில்லை என்று 1999இலேயே கனடா ஆய்வாளர் டேவ் டேவிஸும் அவருடைய குழுவினரும் காட்டிவிட்டார்கள். பங்கேற்பவர் வாய் திறந்து பேசவும் செய்து பார்க்கவும் இடம் தரும் வகுப்புகளில்தான் மாற்றம் தெரிந்தது. இது தெரிந்து கால் நூற்றாண்டு ஆகியும் நம் சி.எம்.இ. பெரும்பாலும் மேடை, மைக், ஸ்லைடு என்றுதான் நடக்கிறது.

ஊரில் இருந்தபோது ஒரு மருந்துக் கம்பெனி நடத்திய சி.எம்.இ.க்குப் போயிருக்கிறேன். நட்சத்திர ஹோட்டல், குளிரூட்டிய அரங்கு. பேச்சின் பாதி அந்தக் கம்பெனியின் மாத்திரையைப் பற்றியே இருந்தது. கூட்டம் முடியும் முன்பே பலரும் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்கள். வருகைப் பதிவில் கையெழுத்து இருந்தது, மணி நேரமும் ஏறியது. டாக்டர்களுக்குப் பரிசு தருவதையும், அவர்களைப் பயணம் அழைத்துப் போவதையும் தடுக்கும் விதிமுறையை இந்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது, நல்ல காரியம். அமெரிக்காவிலும் இதே நோய் இருந்தது. எந்தக் கம்பெனி எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி 2014 முதல் அரசு வெளியிடுகிறது. இப்போது பேச வருகிறவர் முதல் ஸ்லைடிலேயே தன் பண உறவுகளைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பரீட்சை வைத்துப் படிக்க வைக்கலாம் என்பதும் இங்கே நீண்ட சண்டை. பொது மருத்துவர்களுக்குச் சான்று தரும் வாரியம் 1936இல் தொடங்கியது. 1990க்கு முன் தேறியவர்களுக்கு அந்தச் சான்று ஆயுள் முழுவதும் செல்லும். அதற்குப் பின் வந்தவர்கள் 10 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் எழுத வேண்டும் என்றார்கள். 2014இல் விதிகளை இன்னும் இறுக்கியபோது டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள், அடுத்த ஆண்டே வாரியம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2022 முதல் ஒரு மாற்று வழி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு 30 கேள்விகள் வீட்டுக்கே வரும். கேள்விக்கு நான்கு நிமிடம். புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். விடை சொன்னதும் சரியா தவறா, ஏன் என்ற விளக்கம் உடனே வந்துவிடும். நானும் இதைத்தான் செய்கிறேன், பழைய பரீட்சையைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் கேள்வியில் வருகிறவர் கற்பனை நோயாளி. நாளைக் காலை என் முன்னால் உட்காரப்போகிறவர் அவர் அல்ல.

இப்போது வியாழக்கிழமைகளில் நான் உட்காரும் ஒரு கூட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அது பிறந்த கதை.

நியூ மெக்சிகோ தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரியது. மக்கள் தொகையோ 21 லட்சம்தான். மருத்துவக் கல்லூரி உள்ள மாநிலப் பல்கலைக்கழகம் ஆல்புகர்க்கியில் இருக்கிறது. ராஸ்வெல்லிலிருந்து 200 மைல், சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம். நடுவில் வான் என்ற சிற்றூரை விட்டால் புல்வெளியும் மானும்தான். இந்த நிலத்தில் 2003 வாக்கில் ஹெபடைடிஸ் சி கிருமி தொற்றியவர்கள் சுமார் 30,000 பேர் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் கல்லீரல் கிளினிக்கில் இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓராண்டு வரை நீளும் சிகிச்சை, வாரா வாரம் இன்டர்ஃபெரான் ஊசி, காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு. அடிக்கடி வந்து காட்ட வேண்டும். வேலையை விட்டு, பிள்ளைகளை விட்டு, பல மணி நேரம் வண்டி ஓட்டி யார் வருவார்கள்?

அந்தக் கிளினிக்கை நடத்தியவர் சஞ்சீவ் அரோரா, புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நோய் இருப்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தும் சிகிச்சைக்கு வர முடியாமல், கடைசியில் கல்லீரல் புற்றுநோயோடு வந்து இறந்துபோன ஒரு தாயைப் பற்றி அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நோயாளியை நகர்த்துவதற்குப் பதிலாக அறிவை நகர்த்தலாம் என்று அவர் முடிவு செய்தார். வாரம் ஒருமுறை வீடியோவில் சிற்றூர் டாக்டர்களை ஒன்றுசேர்த்தார். சிறைச்சாலை மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு எக்கோ என்று பெயர்.

நான் கலந்துகொள்ளும் எக்கோ கூட்டம் ஒன்றை உங்கள் கண் முன் கொண்டுவருகிறேன். நோயாளியின் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியே எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். திரையில் ஒரு பக்கம் கல்லீரல் நிபுணர், மருந்தாளுநர், போதைப் பழக்க ஆலோசகர். மறு பக்கம் பத்துப் பதினைந்து சிறிய கிளினிக்குகள். ஒரு கிராமத்து நர்ஸ் பிராக்டிஷனர் கேஸ் சொல்கிறார். இங்கே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உரிமை பெற்ற செவிலியர் அவர். பெயரும் ஊரும் சொல்வதில்லை. 61 வயதுப் பெண், ஹெபடைடிஸ் சி உறுதியாகியிருக்கிறது. ரத்தத்தில் கல்லீரல் என்சைம்களான ஏ.எஸ்.டி. 88, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 96,000.

நிபுணர் உடனே விடை சொல்லவில்லை. "கல்லீரல் எந்த நிலையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். யாரோ கணக்குப் போட்டார்கள். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, ஆயிரக் கணக்கில் எடுத்த பிளேட்லெட்டை (இங்கே 96) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 7 வந்தது. 3.25ஐத் தாண்டினாலே கல்லீரல் நன்றாகத் தழும்பேறியிருக்க வாய்ப்பு அதிகம். பயாப்சி ஊசி போடாமல், சாதாரண ரத்தப் பரிசோதனையை வைத்தே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

மருந்து இப்போது சுலபம். ஊசி போய்விட்டது. சோஃபாஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, நாளைக்கு ஒன்று, 12 வாரம். கூட்டம் அதோடு முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது மருந்தாளுநர் கேட்டார், "நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா?" மருந்துப் பட்டியலில் இல்லை என்றார் நர்ஸ். "கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். வெல்பட்டாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமெப்ரசோல் சாப்பிட்டால் மருந்து சரியாக ஏறாது." வேறொரு கிளினிக்கிலிருந்து ஒருவர், ஹெபடைடிஸ் பி பார்த்தாயிற்றா என்று கேட்டார். சி போகும்போது, ஒளிந்திருக்கும் பி தலைதூக்கலாம். கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும், தழும்பேறிய கல்லீரலில் புற்றுநோய் வரலாம் என்று கடைசியில் நிபுணர் சொன்னார்.

20 நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றிலிருந்து இந்த மாத்திரையை எழுதும் ஒவ்வொரு முறையும் நான் நெஞ்செரிச்சலைப் பற்றிக் கேட்கிறேன். இதையே ஒரு ஸ்லைடில் பதினோராவது வரியாகப் படித்திருந்தால் நினைவில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். ஒரு நோயாளியோடு ஒட்டிக்கொண்டு வந்த அறிவு மறப்பதில்லை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கணக்கு வந்தது. இன்டர்ஃபெரான் காலத்துக் கணக்கு அது. பல்கலைக்கழகக் கிளினிக்கில் நிபுணர்கள் பார்த்த 146 பேரில் 57.5 சதவீதம் பேருக்குக் கிருமி ஒழிந்தது. சிற்றூர்களிலும் சிறைகளிலும் சாதாரண டாக்டர்கள் பார்த்த 261 பேரில் 58.2 சதவீதம் பேருக்கு ஒழிந்தது. கடுமையான பக்க விளைவுகள் சிற்றூர்களில் குறைவு. நன்கு அறிந்த டாக்டர் பக்கத்திலேயே இருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் இது நடக்காதென்று நினைக்க வேண்டாம். பஞ்சாப் அரசு 2016இல் ஹெபடைடிஸ் சிக்கு இலவச சிகிச்சை தொடங்கியபோது, சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தின் நிபுணர்கள் இதே முறையில்தான் மாவட்ட மருத்துவமனை டாக்டர்களுக்குத் துணை நின்றார்கள். 48,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. முடிவில் பரிசோதனைக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் குணமானார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்காமல், தங்கள் மாவட்டத்திலேயே.

நான் தமிழ்நாட்டில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவன். காலையில் ஓ.பி. நிரம்பி வழியும். டாக்டர் என்று நான் ஒருவன்தான். சந்தேகம் வந்தால் காலேஜில் எனக்கு மூத்தவர், அப்போது மெடிசின் பி.ஜி. படித்துக்கொண்டிருந்தவருக்கு போன் போடுவேன். "அண்ணே, ஒரு கேஸ்." "சொல்லுப்பா." வார்டில் நடந்துகொண்டே கேட்பார், நாலு கேள்வி கேட்பார், வழி சொல்லிவிட்டு, "நாளைக்கு எப்படி இருக்காருன்னு சொல்லு" என்பார். நான் கற்ற மெடிசினில் பாதி அந்த போனில் கற்றது. அவருக்கு யாரும் அதற்குச் சம்பளம் தரவில்லை, எனக்கு யாரும் மணி நேரம் கணக்கு வைக்கவில்லை.

இன்று அந்த போன் வாட்ஸ்அப் குழுவாகிவிட்டது. ஈ.சி.ஜி. படத்தைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் வரும். நல்லதுதான். ஆனால் சொன்னவர் நாளைக்கு அந்த நோயாளி என்ன ஆனார் என்று கேட்பதில்லை. நோயாளியின் பெயர் போட்ட ரிப்போர்ட்டுகள் கண்டபடி சுற்றுகின்றன. கேஸ் பேசப் பழகியவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள், பேசுவதற்கு ஒழுங்கான ஓர் இடம்தான் வேண்டும்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் மெடிசின் துறையும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், ஒரு மருந்தாளுநர், மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலைய (பி.எச்.சி.) டாக்டர்கள், வாரத்தில் ஒரு மணி நேரம், இரண்டு கேஸ் என்று தொடங்கலாம். பேரும் ஊரும் சொல்லக் கூடாது. கேட்டவரே அடுத்த மாதம் அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று வந்து சொல்ல வேண்டும். கம்பெனிப் பணம் உள்ளே வரக் கூடாது.

இதில் சிரமமான பகுதி அந்த ஒரு மணி நேரம்தான். இங்கே என் கிளினிக் அந்த நேரத்தில் நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் தருவதில்லை, இழப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது. அப்படிச் செய்யாத கிளினிக்குகளில் டாக்டர்கள் சில வாரங்களிலேயே வராமல் நின்றுவிடுகிறார்கள். நம் ஊரிலும் டியூட்டி முடித்து, ரிப்போர்ட்டுகளை ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படியுங்கள் என்றால் நடக்காது. அந்த ஒரு மணி நேரம் டியூட்டி நேரமே என்று அரசாணை வர வேண்டும், அந்த நேரமே லைசென்ஸுக்கான 30 மணியிலும் சேர வேண்டும்.

முதல் கேஸுக்கு அரிய நோய் எதையும் தேட வேண்டாம். பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கிறது, மெட்ஃபார்மினை நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா, டாபாகிளிஃப்லோசின் சேர்ப்பதா? எந்த பி.எச்.சி.யிலும் இன்று காலை ஓ.பி.யில் அப்படி ஒருவர் வந்திருப்பார்.