பள்ளிக் குழாயடியில் சோப்பு இருக்கிறதா?

மழை பிடித்ததும் வீட்டுக்கு வீடு சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. மருந்துக் கடைகளில் கூட்டம். இந்த நேரத்தில் கராச்சியில் நடந்த ஓர் ஆய்வை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அங்குள்ள குடிசைப் பகுதிகளில் பல வீடுகளுக்கு சோப்பு கொடுத்து, எப்போது, எப்படிக் கை கழுவ வேண்டும் என்று வாராவாரம் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 2005இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அந்த வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களிடம் வயிற்றுப்போக்கும் ஏறக்குறைய பாதிதான். கிருமிநாசினி சேர்த்த சோப்பும் சாதாரண சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன.

நம் பிள்ளைகள் கை கழுவுவதைக் கவனித்துப் பாருங்கள். விரல் நுனியை நனைத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் அழுக்கு அப்படியே இருக்கும். நுரை வர 20 விநாடி தேய்த்தால் கிருமி ஒட்டியிருக்கும் பிசுக்கு கழன்று தண்ணீரோடு போய்விடும்.

பள்ளிக் கழிப்பறையில் குழாய் இருக்கிறது, சரி. பக்கத்தில் சோப்பு இருக்கிறதா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். வைக்கும்வரை விடாமல் கேளுங்கள்.