பெப்புவில் விட்டுவந்த வெந்நீர்

கன்னாவாவில் சாக்கடை மூடியின் இடுக்கிலிருந்துகூட வெள்ளையாக ஆவி கிளம்பும். ஜப்பானின் கியூஷூ தீவில், மலைக்கும் கடலுக்கும் நடுவே சரிவாகக் கிடக்கும் பெப்பு நகரத்தின் ஒரு பகுதி அது. அந்த ஒரே ஊரில் 2,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள். 2000-ஆம் ஆண்டில் அங்கே மலைமேல் தொடங்கிய ரிட்சுமேய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனதால் அந்த ஊர் எனக்கு வாய்த்தது.

வெளியூர்க்காரர்கள் தேடி வருவது டாக்கெகவாராவை. 1879-இல் தொடங்கிய குளியல் இல்லம். இப்போதுள்ள மரக்கட்டடம் 1938-இல் எழுந்தது. அங்கே மணல் குளியலும் உண்டு. யுகாதா என்னும் மெல்லிய அங்கியை உடுத்திப் படுத்தால், பணிப்பெண்கள் சுடுமணலை வாரிக் கழுத்துவரை மூடிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் நாடி துடிப்பது தெரியும். அருமையான இடம்தான். ஆனால் நான் ஏங்குவது அதற்காக அல்ல, தெருமுனைக் குளியலுக்காக.

கீழே குளியல், மாடியில் தெருக்காரர்கள் கூடும் மன்றம்: பெப்புவில் இப்படிப்பட்ட கட்டடங்கள் பல. எங்கள் தெருக் குளியலின் வாசலில் ஆளில்லை. பெட்டியில் காசைப் போட்டுவிட்டு நுழைய வேண்டியதுதான். உடை மாற்றத் தனி அறை கிடையாது. மர அடுக்கில் துணியை வைத்துவிட்டு நாலு படி இறங்கினால் தொட்டி. ஓரமாகக் குந்தி, தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றி, சோப்பு நுரை துளியும் மிஞ்சாமல் கழுவிய பிறகே உள்ளே கால் வைக்கலாம். துண்டு தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள்.

உடம்பை மறைத்தே வளர்ந்தவள் நான். அந்தக் கூச்சத்தைப் போக்கியவர்கள் அங்கே வரும் பாட்டிகள். கூன் முதுகு, அறுவைத் தழும்பு, சரிந்த வயிறு, எதையும் அவர்கள் ஒளிக்கவில்லை. என்னையும் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. வந்ததும் ஒரு வணக்கம், கிளம்பும்போது "முன்னே போறேன்" என்று ஒரு வார்த்தை. "சூடு தாங்குதாம்மா?" என்று கேட்ட ஒரு பாட்டி, மற்றவர்களிடமும் கேட்டுக்கொண்டுதான் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். தொட்டியின் சூடு எல்லாருக்கும் பொது அல்லவா? பிறகு, கேட்காமலே என் முதுகைத் தேய்த்துவிட்டார். வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து என்னை யாருமே தொட்டதில்லை என்பது அந்தக் கை பட்டபோதுதான் உறைத்தது.

இப்போது சென்னையில் வாளி வெந்நீரில் தனியாகக் குளிக்கிறேன். ஹீட்டரில் அதே சூட்டைக் கொண்டுவந்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் நாலு பெண்களுக்கு எங்கே போவது?

தெருமுனைக் குளியல்களைக் கழுவுவதும், பூட்டுவதும், செலவைப் பார்ப்பதும் தெருக்காரர்கள்தான். அவர்களுக்கு வயதாகிவிட்டது, வீட்டுக்குள்ளேயே குளியலறை வந்துவிட்டதால் இளையவர்கள் அவ்வளவாக வருவதில்லை. சில குளியல்கள் மூடியும் போய்விட்டன. பெப்பு போகிறவர்களே, அங்குள்ள கொதிக்கும் குளங்களைப் படமெடுத்த கையோடு பேருந்து ஏறிவிடாதீர்கள். வெளியாட்களை அனுமதிக்கும் ஒரு தெருக் குளியலைக் கேட்டறிந்து, பெட்டியில் காசு போட்டு, வணக்கம் சொல்லி இறங்குங்கள்.